ஏடுகளில் உறங்கிய மொழிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கத்தோலிக்க வரலாற்றுத் தந்தை எனப் போற்றப்பெறும் ஜான் கில்மேரி ஷே, 1824இல் நியூயார்க் நகரில் அயர்லாந்திலிருந்து குடியேறிய பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் ஸ்பானிய வணிகர் ஒருவரின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோதே அம்மொழியைக் கற்றுத் தேர்ந்தார். 1846இல் வழக்கறிஞரானார். அத்தொழிலில் அவர் மனம் தங்கவில்லை. 1848இல் இயேசு சபையில் சேர்ந்து, 1852இல் அதனின்று விலகினார். 'மரியாவின் ஊழியன்' எனப் பொருள்படும் கில்மேரி என்னும் பெயரை மட்டும் இறுதிவரை விடவில்லை. அழைத்தல் என்பது எப்போதும் நாம் எதிர்பார்க்கும் வாயில் வழியாகவே வருவதில்லை போலும்.

மொன்ட்ரியால் நகரில் அவர் பயின்ற காலத்தில் பெலிக்ஸ் மார்ட்டின் அடிகளார் பழைய மறைப்பணி ஏடுகளைத் தேடித் திரட்டிக்கொண்டிருந்தார். மிசிசிப்பி ஆற்றில் 1673இல் பயணம் செய்த மார்க்கெட் அடிகளாரின் குறிப்புகளும் அவற்றுள் இருந்தன. கியூபெக் கன்னியர் இல்லமொன்று அவற்றைக் காத்து வைத்திருந்தது. அவ்வேட்டை ஷே 1852இல் அச்சேற்றினார். பின்னர் இயேசு சபையாரின் மறைப்பணி அறிக்கைகளை 1857 முதல் சிறு சிறு நூல்களாக, ஏறத்தாழ நூறு படிகள் வீதம் வெளியிட்டார். நூறு படிகளால் எவர் செல்வராதல் கூடும்? குடும்பத்தைக் காத்தது பிராங்க் லெஸ்லியின் இதழ்களில் அவர் செய்த ஆசிரியப் பணியே.

அவருடைய உழைப்பில் நம்மைப் பெரிதும் ஈர்ப்பது 1860 முதல் 1874 வரை பதின்மூன்று தொகுதிகளாக வெளிவந்த அமெரிக்க மொழியியல் நூல்வரிசை. பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியொன்றிலிருந்து எடுக்கப்பட்ட பிரெஞ்சு–ஒனண்டாகா அகராதி அதன் முதல் நூல். செலிஷ், யாக்கமா, மிக்மாக், மோகாக் எனப் பழங்குடி மொழிகள் பலவற்றின் இலக்கணங்களும் சொற்றொகுதிகளும் தொடர்ந்தன. அவற்றுள் பல மறைப்பணியாளர் தம் அன்றாடப் பணிக்கென எழுதி வைத்தவை.

கலிபோர்னியாவின் சான் ஹுவான் பாவுதிஸ்தா மறைத்தளத்தில் பணியாற்றிய அரோயோ தெ லா குவெஸ்தா என்னும் பிரான்சிஸ்கன் துறவி தொகுத்த முட்சுன் மொழி இலக்கணத்தை ஷே 1861இலும், அதன் சொற்றொகுதியை 1862இலும் வெளியிட்டார். அத்தகைய மறைத்தளங்களில் நோயும் கட்டாய உழைப்பும் பழங்குடியினரைச் சிதைத்தன என்பதை நாம் மறைத்தற்கில்லை. அவர்கள் மொழியை அழிவின் விளிம்புக்குத் தள்ளிய அமைப்பினுள்ளேயே அதைக் காத்த கையும் இருந்தது. இம்முரணை ஷே போதிய அளவு உணரவில்லை என்பதே நம் கருத்து. மறைப்பணியாளரின் தியாகத்தை நெஞ்சுருகப் பாடும் அவர் நூல்களில் பழங்குடியினரின் குரல் மெலிந்தே ஒலிக்கிறது. முட்சுன் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி 1930இல் மறைந்தார். இன்று அவ்வினத்தார் முன்னோரின் மொழியை மீண்டும் கற்க முனையும்போது, அத்துறவியின் தொகுப்பும் அவர்களுக்கு ஒரு மூலமாக உதவுகிறது.

1883இல் நோட்ரே டாம் பல்கலைக்கழகம் லெத்தாரே பதக்கத்தை முதன்முதலாக ஷேவுக்கே வழங்கியது. அமெரிக்கத் திருச்சபை வரலாற்றின் முதல் தொகுதி 1886இல் வெளிவந்தது. நான்காம் தொகுதி அச்சேறிய 1892ஆம் ஆண்டில், பிப்ரவரி 22ஆம் நாள், நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் அவர் இறந்தார். அவர் ஆயுளெல்லாம் சேர்த்த நூல்களும் ஏடுகளும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக நூலகத்தைச் சென்றடைந்தன.