சீதக்காதி: ஒரு பெயரின் வரலாறு

பெற்றோர் குழந்தைக்கு வழங்கும் முதல் உடைமை பெயரே. பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுவது நபிவழி. அழகிய பொருளுடைய பெயர்களைச் சூட்டுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தினார்கள். அல்லாஹ்வுக்கு மிக உவப்பான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் ஆகும் என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இவை நம் வாசகர் அறிந்த செய்திகளே. ஆயினும் எது இஸ்லாமியப் பெயர், எது அன்று என்னும் வினா எழும்போது கற்றோரும் சில வேளை தடுமாறுகின்றனர். நாமும் ஒருமுறை தடுமாறினோம். அதைச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் நெய்வேலி நகரியத்தில் ஓர் அகீகா விருந்துக்குச் சென்றிருந்தோம். நெய்வேலி பல ஊர் மக்கள் கூடி உருவான ஊர். 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1961இல் மண்ணுக்கடியிலிருந்த நிலக்கரிப் படிவம் முதன்முதலாக வெளிப்பட்டது. சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் வேலை தேடித் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து அதன் வட்டங்களில் குடியேறினர். அவர்களோடு அவரவர் ஊர்ப் பெயர்களும் வந்தன. நம்மை அழைத்த குடும்பம் இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்தது. சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்ற அக்குடும்பத்துப் பெரியவரின் பெயர் சீதக்காதி. அப்பெயரையே பேரனுக்கும் சூட்ட வேண்டுமென்பது அவர் மகனின் விருப்பம்.

உறவினர் ஒருவர் குறுக்கிட்டார். “அது பழமொழியில் வருகிற பெயர், இஸ்லாமியப் பெயர் அன்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்வார்கள். ஹஜ்ரத், அரபியில் நல்ல பெயராகச் சொல்லுங்கள்” என்றார். நாமும் சிந்தியாமல் தலையசைத்து இரண்டு பெயர்களைச் சொன்னோம். அவற்றுள் ஒன்றைச் சூட்டினார்கள். விருந்து முடிந்து விடைபெறும்போது பெரியவர் நம் அருகில் வந்து தணிந்த குரலில் கேட்டார்: “ஹஜ்ரத், எனக்கும் காதுல பாங்கு சொல்லித்தானே இந்தப் பேரை வச்சாங்க?”

அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பெயரின் மூலம்

சீதக்காதி என்பது ‘ஷைகு அப்துல் காதிர்’ என்னும் அரபுப் பெயரின் தமிழ் வடிவம். பழைய நூல்கள் இதனைச் ‘செய்தக்காதி’ என்றும் எழுதும். அரபுச் சொற்கள் பல சேர்ந்த நெடும்பெயர் தமிழர் நாவில் ஒரே சொல்லாக உருகியபோது என்ன நிகழ்ந்தது என்று நோக்குவோம். ஷகரம் சகரமாயிற்று. ‘செய்’ என்பது நாளடைவில் ‘சீ’ என நீண்டது. ‘அப்து’ என்பதன் பகரம் கெட்டுத் தகரம் எஞ்சியது. ‘உல்’ என்பதன் லகரம் அடுத்து வரும் ககரத்தோடு கலந்து ‘க்கா’ என இரட்டித்தது. இறுதி ரகரம் மறைந்தது. இவ்வாறு பிரித்துப் பார்த்தால் ‘சீதக்காதி’ என்னும் சொல்லின் நடுவில் நிற்கும் தகரமே ‘அப்து’ என்பதன் எச்சம் என்பது நம் கருத்து.

பொருள் அறியாதார் இப்பெயரை வேறு வகையாகவும் பிரிக்கக்கூடும். சீதம் என்றால் குளிர்ச்சி. இலங்கைத் தமிழில் காதி என்றால் மார்க்க நீதிபதி. அந்நாட்டில் காதி நீதிமன்றம் என்பது பழகிய சொல். ஆனால் நீதிபதியைக் குறிக்கும் அரபுச் சொல்லில் வருவது ‘ளாத்’ என்னும் எழுத்து. காதிர் என்பதில் வருவது ‘தால்’. தமிழில் இரண்டும் ஓர் எழுத்தாகிவிடுவதால் மயக்கம் தோன்றுகிறது. மூலத்தை அறிந்தால் மயக்கம் தீரும்.

காதிர் என்னும் திருநாமம்

‘கத்ர்’, ‘குத்ரத்’ ஆகிய சொற்கள் பிறந்த வேரிலிருந்தே ‘காதிர்’ என்னும் சொல்லும் பிறந்தது. ஆற்றலுடையவன் என்பது பொருள். அல்அன்ஆம் அத்தியாயத்தின் 65ஆம் வசனத்தில் அல்லாஹ் தன்னை இச்சொல்லால் குறிப்பிடுகின்றான். கதீர், முக்ததிர் என்னும் வடிவங்களும் திருமறையில் வருகின்றன. ஆகவே மனிதனுக்குப் பெயராகும்போது அதன் முன் ‘அப்து’ என்னும் அடிமைச் சொல் நிற்பது அழகு. 991 முதல் 1031 வரை ஆண்ட அப்பாசியக் கலீபாவும் தம் பட்டத்தைக் ‘காதிர் பில்லாஹ்’ என்றே அமைத்துக்கொண்டார். அல்லாஹ்வைக் கொண்டு ஆற்றல் பெற்றவர் என்பது அதன் கருத்து.

இப்பெயரை உலகெங்கும் கொண்டு சென்ற பெருமை பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 561இல், அதாவது கி.பி. 1166இல் மறைந்த ஷைகு அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களைச் சாரும். காதிரிய்யா தரீக்கா பரவிய இடமெல்லாம் அப்பெயரும் பரவியது. ரபீயுல் ஆகிர் மாதத்தை முகையதீன் ஆண்டவர் மாதம் என்றே வழங்கிய தமிழ் முஸ்லிம்கள் தம் பிள்ளைகளுக்கு முகையதீன், ஜீலானி, அப்துல் காதிர், காதர் மொய்தீன் என்று பெயரிட்டு மகிழ்ந்தனர். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது (ரஹ்) அவர்களின் இயற்பெயரும் அப்துல் காதிரே. நாகூர் தந்த பெரும்புலவர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) பெயரில் ‘அப்து’ என்பதன் இடத்தில் ‘குலாம்’ நிற்கிறது. ‘காதிறு’ என்று றகர உகரம் பெற்று முடிவதும் தமிழ் மரபே.

மூலப் பெயர் இத்துணைப் பெருவழக்கு உடையதாக இருக்க, அதன் ஒரு வடிவமாகிய சீதக்காதி மட்டும் ஏன் அரிதாயிற்று? அதற்குக் காரணம் ஒரு மனிதரின் பெரும்புகழ்.

கீழக்கரை வள்ளல்

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரையில் வாழ்ந்தவர் பெரிய தம்பி மரைக்காயர் எனப்பட்ட ஷைகு அப்துல் காதிர். கடல் வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1710இல் மறைந்த கிழவன் சேதுபதியின் நட்பையும் மதிப்பையும் பெற்றவர். ஆலிம்களில் தலைசிறந்த சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்கள்பால் பேரன்பு கொண்டவர். கீழக்கரையில் திராவிடக் கட்டடக் கலைப் பாணியில் கருங்கல்லால் எழுந்த ஜும்ஆப் பள்ளிவாசல் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது.

அவர் கொடைக்குச் சமய எல்லை இருக்கவில்லை. சைவராகிய படிக்காசுப் புலவர் அவரைப் பாடிப் பரிசு பெற்றார். வள்ளல் மறைந்தபின் அடக்கவிடத்துக்கு வந்து புலவர் அழுது பாடியதாகவும், மண்ணுக்குள்ளிருந்து மோதிரம் அணிந்த கை வெளிப்பட்டுப் பரிசளித்ததாகவும் மக்கள் கதை சொன்னார்கள். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் பழமொழி அக்கதையோடு வாழ்கிறது. அக்கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் முஸ்லிம் அல்லாத மக்களும் ஒரு முஸ்லிமின் கொடையை இவ்வளவு உயர்த்திப் பேசினார்கள் என்பது வரலாறு. ‘செய்தக்காதி நொண்டி நாடகம்’ என்னும் நூலும் அவர் பெயரால் எழுந்தது.

உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவரும் இவ்வள்ளலே என்பது வழிவழிச் செய்தி. வள்ளல் மறைந்தபின் அக்காப்பியம் நிறைவுறத் துணை நின்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். நூலுள் பல இடங்களில் நன்றியோடு போற்றப்படுபவர் அவர். மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த அப்பரங்கிப்பேட்டை, நெய்வேலி அமைந்துள்ள அதே கடலூர் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ளது. சீதக்காதி என்னும் பெயர் இம்மாவட்டத்துக்கு அந்நியமன்று.

புகழ் மிகுந்தபோது பெயர் ஒருவருக்கே உரிய அடையாளமாயிற்று. அறக்கட்டளைக்கு அப்பெயர் வைத்தார்கள். 2018இல் ஒரு திரைப்படத்துக்கும் வைத்தார்கள். மறைந்தும் கலையால் வாழும் நடிகர் ஒருவரின் கதைக்குப் பழமொழியே தலைப்பைத் தந்தது. பிள்ளைகளுக்கு வைப்பதுதான் அருகிப் போயிற்று. பழமொழியாகிவிட்ட பெயரில் அரபு மூலம் இருப்பதையே நம்மவர் மறந்தனர்.

திரிந்த பெயர் தீய பெயரா?

அயற்சொல் தமிழுக்கு வரும்போது அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்திலிருந்து நிலவும் நெறி. உஸ்மான் (ரலி) அவர்களை உதுமான் என்றும், உமர் (ரலி) அவர்களை உமறு என்றும் நம் புலவர்கள் எழுதியது அந்நெறிப்படியே. அதனால் எவருடைய ஈமானும் குறையவில்லை. துருக்கியர் முஹம்மது என்னும் திருப்பெயரை மெஹ்மெத் என்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்கள் மமது என்கின்றனர். எந்த நாட்டு மக்களும் பெயரைத் தம் நாவால்தான் அழைக்க இயலும்.

பெயர் விஷயத்தில் மார்க்கம் கவனிப்பது பொருளை. நபி (ஸல்) அவர்கள் ‘ஆஸியா’ (மாறு செய்பவள்) என்னும் பெயரை ‘ஜமீலா’ (அழகியவள்) என மாற்றினார்கள். பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களையும் அபிசீனிய வம்சத்து பிலால் (ரலி) அவர்களையும் அவரவர் அறியப்பட்ட பெயராலேயே அழைத்தார்கள். பொருள் கெடுவதே குறை. ஒலி திரிவது குறையன்று.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைச் சுட்டுவது தகும். அல்ஜீரிய விடுதலை வீரர் அமீர் அப்துல் காதிர் (1808–1883) புகழ் அமெரிக்கா வரை பரவியது. அங்கே அயோவா மாநிலத்தில் 1846இல் அமைந்த ஒரு சிற்றூருக்கு அவர் நினைவாகப் பெயரிட்டனர். ஆனால் ‘அப்து’ என்பதை விட்டுவிட்டு ‘எல்காதர்’ என்றே வைத்தனர். அடிமை என்னும் சொல் நீங்க, இறைவனின் திருநாமமே ஊர்ப்பெயராய் நின்றுவிட்டது. ஒலி ஏறத்தாழ அப்படியே இருக்கிறது, பொருள் மாறிவிட்டது. நம் வீடுகளில் ‘அப்துல்’ என்று மட்டும் அழைப்பதும், பதிவேடுகளில் ‘காதர்’ என்று மட்டும் எழுதுவதும் இதனை ஒத்த பிழைகளே. முன்னது முடியாத சொல். பின்னதில் அடிமைச் சொல் இல்லை. கீழக்கரைத் தமிழர் வாயில் ஒலி பெரிதும் திரிந்தது. ஆயினும் நடுவில் ஒரு தகரத்தை அவர்கள் கைவிடவில்லை.

இவற்றையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு மீண்டும் நெய்வேலி சென்றோம். பெரியவரிடம் நம் தவறை ஒப்புக்கொண்டு, பெயரின் மூலத்தையும் பொருளையும் விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்போ என் பேருக்குள்ள அப்து இருக்கு, இல்லையா ஹஜ்ரத்?” என்றார். இருக்கிறது என்றோம். “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

பேரனின் பிறப்புச் சான்றிதழில் நாம் சொன்ன பெயரே பதிவாகியிருந்தது. அதுவும் நல்ல பொருளுடைய பெயர்தான்; மாற்றச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் தாத்தாவிடமிருந்து பேரனுக்குச் செல்லவிருந்த பெயர் நம் அவசரத்தால் நின்றுபோனது.

வாசகர்களில் எவர் வீட்டிலேனும் பழைய பெயர் ஒன்றை மாற்ற வேண்டும் என்னும் பேச்சு எழுந்தால், அதன் பொருளை முதலில் கேளுங்கள். பொருள் தெரியவில்லையெனில் மூத்தோரையும் அரபு அறிந்தோரையும் அணுகுங்கள். அணுகப்படும் நம்போன்றோர் உடனே விடை சொல்லாமல் ஒரு நாள் தேடிவிட்டுச் சொல்வோமாக.