கிறிஸ்துமஸ் ராத்திரி மதுரையில் ஒரு ரவுண்டு: ஸ்டார் பார்க்க எங்கே, சோறு சாப்பிட எங்கே?

மதுரை: டிசம்பர் பிறந்தாலே கீழவாசல் பக்கம் களைகட்ட ஆரம்பித்துவிடும். கடை வாசல்களில் பேப்பர் ஸ்டார் தொங்கும், சீரியல் பல்பு மினுங்கும். பிள்ளைகள் சும்மா இருக்குமா? "அப்பா, அந்தப் பெரிய ஓட்டல்ல மரம் வச்சிருக்காங்களாம், போலாமா?" என்று நச்சரிப்பு தொடங்கிவிடும்.

போகலாம்தான். ஆனால் பர்ஸ் என்ன சொல்கிறது? தினக்கூலி வாங்குகிற குடும்பம் நாலு பேராக நட்சத்திர ஓட்டலில் கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட்டால் ஒரு வாரச் சம்பளம் ஒரே ராத்திரியில் காலி. அதனால் அலங்காரம் பார்ப்பது ஒரு கணக்கு, வயிற்றை நிரப்புவது இன்னொரு கணக்கு. இரண்டையும் பிரித்துப் போட்டால் ராத்திரி சந்தோஷமாகவே முடியும்.

பெரிய ஓட்டல்கள்: பார்க்க மட்டுமா, சாப்பிடவுமா?

நட்சத்திர ஓட்டல்களில் கிறிஸ்துமஸ் வேலை அக்டோபர், நவம்பரிலேயே ஆரம்பம். முந்திரி, திராட்சை, பேரீச்சை, செர்ரி எல்லாவற்றையும் மேஜை நிறையக் கொட்டி, ரம், பிராந்தியை ஊற்றி, கையுறை மாட்டிக்கொண்டு கலப்பார்கள். 'கேக் மிக்ஸிங்' என்று பேப்பரில் போட்டோ வருமே, அதுதான். அந்தப் பழம் வாரக்கணக்கில் ஊறி டிசம்பரில் கேக்காக வெளியே வரும்.

டிசம்பரில் வரவேற்பறையில் மரம், குடில், கிறிஸ்துமஸ் தாத்தா என்று அமர்க்களம்தான். 24-ந் தேதி ராத்திரியும் 25-ந் தேதி மத்தியானமும் தனி விருந்து, தனி ரேட்.

பசுமலையில் தாஜ் குரூப்பின் கேட்வே ஓட்டல் இருக்கிறது. மலை மேல் இருப்பதால் ராத்திரி அங்கிருந்து ஊர் வெளிச்சத்தைப் பார்ப்பதே ஒரு அலங்காரம். கோச்சடையில் 'ஹெரிடேஜ் மதுரை'. பழைய மதுரா கிளப் இருந்த இடம் இது. இலங்கைக் கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த கட்டிடம். ஆலமரமும் கருங்கல் தூணுமாக, பிளாஸ்டிக் தோரணம் இல்லாமலேயே அழகாக இருக்கும்.

அவ்வளவு தூரம் போக வசதிப்படாதவர்கள் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிக்குப் போகலாம். லாட்ஜ்கள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் மொட்டைமாடி உணவகங்கள் உண்டு. சுப்ரீம் ஓட்டல் மாடியில் உட்கார்ந்தால் மீனாட்சி அம்மன் கோயில் கோபுரங்கள் தெரியும். ஒரு பக்கம் கோபுரம், இன்னொரு பக்கம் ஸ்டார். மதுரையைத் தவிர வேறு எங்கே கிடைக்கும் இது?

பில்லைப் பார்த்து காசு கொடுங்க

உள்ளே போய் உட்காரும் முன்பே, "வரியோட சேர்த்து ஒரு ஆளுக்கு எவ்வளவு? சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கார்ல வர்றவங்களும் இதைத்தான் கேட்கிறார்கள், இங்கிலீஷில் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சாதாரண ஓட்டலில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்குகிற பெரிய ஓட்டலில் உள்ள உணவகம் என்றால் 18 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்கு சாப்பிட்டால் 180 ரூபாய் வரிக்கே போய்விடும்.

'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒன்று பில்லில் இருக்கிறதா? அது வரி இல்லை. அரசாங்கத்துக்கும் போகாது. அதைத் தானாக பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவு போட்டது. ஓட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டும் உத்தரவு சரிதான் என்று சொல்லிவிட்டது. "எடுத்துடுங்க தம்பி" என்று சொன்னால் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போடலாம்.

சின்ன ஓட்டல்களில் இன்னொரு சங்கதி. காம்பவுண்டிங் திட்டத்தில் இருக்கும் கடைகள் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. தனியாக வாங்கவே கூடாது. பில்லில் ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் நின்று கேளுங்கள்.

காசு செலவில்லாமல் ஸ்டார் பார்க்க

எங்களைக் கேட்டால், மதுரையில் நல்ல அலங்காரம் ஓட்டலில் இல்லை, சர்ச் தெருக்களில்தான் இருக்கிறது. டிக்கெட்டும் கிடையாது.

முதலில் கீழவெளி வீதி புனித மரியன்னை பேராலயம். இப்போது பார்க்கிற கட்டிடம் 1916-ல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த இரட்டைக் கோபுரத்தில் விளக்கு போட்டுவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும். டவுன்ஹால் ரோட்டில் ஜெபமாலை அன்னை ஆலயம், ஞானஒளிவுபுரத்தில் புனித வளனார் ஆலயம், கோ.புதூரில் லூர்தன்னை ஆலயம், அண்ணாநகரில் வேளாங்கண்ணி மாதா ஆலயம் என்று ஊர் முழுக்க இருக்கிறது. நரிமேட்டில் சி.எஸ்.ஐ. கதீட்ரல். கத்தோலிக்க ஆலயங்களில் 24-ந் தேதி நள்ளிரவு திருப்பலி. சி.எஸ்.ஐ. சபைகளில் பெரும்பாலும் 25-ந் தேதி விடியற்காலை ஆராதனை.

குடில் பார்க்க எந்த மதத்துக்காரரும் போகலாம், யாரும் தடுப்பதில்லை. வழிபாடு நடக்கிற நேரத்தில் மட்டும் பிள்ளைகளை சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்போனில் போட்டோ எடுப்பதை கொஞ்சம் ஒத்திப் போடுங்கள்.

சின்ன சொக்கிகுளத்தில் விஷால் டி மால் இருக்கிறது. மால்களில் மரமும் ஸ்டாரும் ஏ.சி.யும் இலவசம். ஆனால் மேல் மாடிக்குப் போய் பிள்ளைகள் கை காட்டுவதை எல்லாம் வாங்கினால் ஓட்டலே தேவலை என்று ஆகிவிடும்!

கீழவாசலில் இருந்து நடந்தே சாப்பிட

பேராலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் பசிக்கும். அதே கீழவெளி வீதியில்தான் அம்சவல்லி பவன். பிரியாணிக்கு பேர் போன பழைய கடை. அங்கிருந்து நடந்தால் விளக்குத்தூண். ஜிகர்தண்டாவுக்கு ஊர் உலகமெல்லாம் தெரிந்த கடை அங்கேதான், 1977-ல் இருந்து நடக்கிறது. சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். மார்கழிப் பனியில் ஜிகர்தண்டாவா என்று கேட்காதீர்கள். குடிக்கிறவர்கள் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

(விளக்குத்தூணே ஒரு நினைவுச்சின்னம்தான். 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிவாக்கினார். அவர் நினைவாக வைத்தது. கூட வேலை பார்த்த பெருமாள் மேஸ்திரி, மாரெட் பெயரில்தான் அந்தந்த வீதிகள்.)

ஆற்றுக்குத் தெற்கே சிம்மக்கல்லில் கோனார் மெஸ். கறி தோசை என்றால் அங்கேதான் கூட்டம். தடிமனாக தோசை ஊற்றி, முட்டையை ஊற்றி, கொத்துக்கறியைப் பரப்பி, திருப்பிப் போட்டு எடுப்பார்கள். ஒரு தோசை தின்றால் அடுத்தது யோசித்துதான் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தோசையைப் பங்கு போட்டுக் கொடுக்கலாம்.

பாலம் தாண்டி தல்லாகுளம் போனால் அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ். அயிரை மீன் குழம்பு, நண்டு ஆம்லேட் சாப்பிட வெளியூர்க்காரர்கள் தேடி வரும் இடம். விலை கொஞ்சம் கூடத்தான். 25-ந் தேதி மத்தியானம் போனால் நின்று காத்திருக்க வேண்டியிருக்கும். 12 மணிக்கே போய்விடுவது புத்திசாலித்தனம்.

சைவம் மட்டும் என்றால் மேலமாசி வீதி முருகன் இட்லி கடை, டவுன்ஹால் ரோடு காலேஜ் ஹவுஸ். அல்வாவுக்கு ரயில் நிலையம் பக்கம் பிரேமா விலாஸ். அங்கே சுடச்சுட இலையில் வாங்கித் தின்றுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? கார்த்திகை, மார்கழியில் அய்யப்பனுக்கு மாலை போட்ட வீடுகளில் கறி கிடையாது. அசைவ ஓட்டல்களில் வியாபாரம் படுத்துக்கிடக்கும். அந்த நேரத்தில் வருகிற கிறிஸ்துமஸ்தான் கடைக்காரர்களுக்கு மூச்சு விடுகிற நாள். சர்ச் பக்கமே போகாத முதலாளியும் கடை வாசலில் ஒரு ஸ்டாரைக் கட்டித் தொங்கவிடுவதற்கு பக்தி மட்டும் காரணம் இல்லை.

நள்ளிரவு திருப்பலி முடிஞ்சு எங்கே?

இதுதான் பெரிய பிரச்சினை. திருப்பலி முடிந்து ஒன்றரை மணிக்கு வெளியே வருகிற குடும்பம் எங்கே சாப்பிடும்? 'தூங்கா நகரம்' என்று பெயர்தான். ராத்திரி 11 மணிக்கெல்லாம் போலீஸ்காரர்கள் வந்து அடுப்பை அணைக்கச் சொன்ன காலம் உண்டு.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகள், ஓட்டல்கள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019 மே மாதம் அரசாணை போட்டது. மூன்று வருஷத்துக்கு என்று போட்டதை 2022-ல் நீட்டித்தார்கள். சரி, புருஷன், பெண்டாட்டி, ஒரு மாஸ்டர், ஒரு பையன் என்று நாலு பேர் நடத்துகிற தள்ளுவண்டி இட்லிக் கடைக்கு இது எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. உண்மையில் தூங்கா நகரத்தை தூங்காமல் வைத்திருந்தது அந்த நாலு பேர் கடைதான். பண்டிகை ராத்திரிக்காவது அவர்களை விட்டுவைக்கலாம் என்பது நம்ம கருத்து.

பெரியார் பஸ் நிலையம், மாட்டுத்தாவணி சுற்றுவட்டாரத்தில் ராத்திரி இட்லி, பரோட்டா கிடைக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு டப்பாவில் தயிர் சாதம் கட்டி எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-ல் இருந்து இலவசம்தான். ஆனால் நடுராத்திரியில் பஸ் வர வேண்டுமே! கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேக் வாங்கும்போது

பிளம் கேக்கின் கருப்பு நிறம் சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பதால் வருவது. உள்ளே சிவப்பாக, பச்சையாக இருக்கும் டூட்டி புரூட்டி என்ன பழம் தெரியுமா? பப்பாளிக் காய்! சின்னத் துண்டுகளாக நறுக்கி, சர்க்கரைப் பாகில் போட்டு, கலர் ஏற்றுவது. கெடுதல் இல்லை, ஆனால் அதற்கு முந்திரி, திராட்சை ரேட் கொடுக்காதீர்கள்.

கேக் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. பழைய ரேட்டில் பில் போட்டால் கேளுங்கள். பாக்கெட்டில் தயாரித்த தேதியும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்க வேண்டும். ரம் கலந்ததா என்று கேட்டால் கடைக்காரர் சொல்வார்.

கேக் பிடிக்காதவர்களுக்கு நம்ம ஊர் பலகாரம் இருக்கவே இருக்கு. அச்சு முறுக்கு, அதிரசம், கன்னியாகுமரி பக்கத்து முந்திரிக்கொத்து, தூத்துக்குடி மக்ரூன். கிறிஸ்தவ வீடுகளில் தட்டு நிறைய வைத்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களே, அந்த ருசி எந்த ஸ்டார் ஓட்டலிலும் கிடையாது.

பரிமாறுகிற பையனுக்கு பண்டிகை எப்போ?

ஓட்டலில் தட்டு கொண்டுவந்து வைக்கிற பையனை ஒருதரம் பாருங்கள். இப்போது பல ஓட்டல்களில் வடமாநில, வடகிழக்கு மாநிலப் பையன்கள். நாகாலாந்து, மிசோரம், மேகாலயா என்றால் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் மாநிலங்கள். அவன் வீட்டிலும் அன்றைக்கு கிறிஸ்துமஸ்தான். அவன் உங்கள் பிள்ளைக்கு கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பான்.

தமிழ்நாட்டில் 1958-ம் வருஷத்து தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இருக்கிறது. நாலு தேசிய விடுமுறை போக, வருஷத்துக்கு 5 பண்டிகை விடுமுறை சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறு ஒரு நாள் லீவு. ஓட்டலில் வேலை பார்க்கிற வாசகர்களே, உங்கள் கடைப் பட்டியலில் டிசம்பர் 25 இருக்கிறதா? முதலாளியிடம் கேளுங்கள். சாப்பிடப் போகிறவர்கள், சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னாலும் அந்தப் பையன் கையில் பத்தோ இருபதோ கொடுத்துவிட்டு வாருங்கள்.

மறுநாள் லீவு இருந்தால்

ராமேசுவரம் ரோட்டில் திருப்புவனம் தாண்டி, முத்தனேந்தல் பக்கம் திரும்பினால் இடைக்காட்டூர். சிவகங்கை மாவட்டம்தான், மதுரையில் இருந்து சுமார் 36 கிலோ மீட்டர். அங்கே 1894-ல் கட்டப்பட்ட திருஇருதய ஆலயம் இருக்கிறது. பிரான்சு நாட்டு ரீம்ஸ் நகரப் பேராலயத்தை மாதிரியாக வைத்து பெர்டினான்ட் செல் என்ற பாதிரியார் கட்டியது. சுற்றிலும் வயல்காடு, நடுவில் ஐரோப்பா. செங்கல்லை விதவிதமான அச்சில் வார்த்துக் கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சாப்பாட்டை மட்டும் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போய்விடுங்கள், அங்கே பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்க முடியாது.