நிக்கோவும் கத்சுராவும்

அழகு அலங்காரத்தில் உள்ளதா, அடக்கத்தில் உள்ளதா என்பது பழைய வினா. பதினேழாம் நூற்றாண்டு யப்பான் இதற்கு ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு விடைகளை அளித்தது.

ஒன்று, நிக்கோ மலைச்சாரலிலுள்ள தோஷோகு ஆலயம். யப்பானின் படையாட்சியைத் தம் குலத்துக்கு உரித்தாக்கிய தொக்குகவா இயெயாசு 1616ஆம் ஆண்டில் இறந்தார். அவரைத் தெய்வமாகப் போற்ற எழுந்த இவ்வாலயத்தைப் பேரர் இயெமித்சு 1636இல் பெருஞ்செலவிற் புதுப்பித்து முடித்தார். அதன் யோமெய் வாயிலில் மாத்திரம் 500க்கு மேற்பட்ட சிற்பங்கள் பொன்னும் பல வண்ணங்களும் பூண்டு மிளிர்கின்றன. கண், வாய், செவி பொத்திய மூன்று குரங்குகளும் உறங்கும் பூனையும் இங்குள்ளவையே. வணங்க வந்த சிற்றரசர், தொக்குகவா குலத்தின் வலிமையையும் இவற்றிற் கண்டனர்.

மற்றையது, கியோத்தோ நகரின் மேற்கே கத்சுரா ஆற்றங்கரையிலுள்ள மாளிகை. இளவரசர் தொஷிஹிதோ தொடங்கிய பணியை மைந்தர் தொஷிதாதா தொடர்ந்தார். 1615இல் விதிக்கப்பட்ட சட்டம் அரசவையினரைக் கல்வி, கலைகளின்பால் ஒதுக்கியிருந்தது. ஆட்சியுரிமை இழந்தோர் எழுப்பிய அம்மனையில் வண்ணந் தீட்டாத மரமும், வெண்தாள் ஒட்டிய கதவுகளும், குளத்தைச் சூழ்ந்த கற்பாதைகளுமே அழகு செய்கின்றன.

நாற்சி ஆட்சி எழுந்தபோது ஜெர்மனியை விட்டு நீங்கிய கட்டிடக் கலைஞர் புறூனோ டவுட், 1933 மே மாதத்தில் யப்பானை அடைந்தார். கத்சுராவை வியந்து போற்றிய அவர், நிக்கோவை அதிகாரச் செருக்கின் கலையென இகழ்ந்தார். அவர் வண்ணத்தின் பகைவர் அல்லர். 1913 முதல் 1916 வரை பேர்லின் புறத்தே அவர் அமைத்த குடியிருப்பு, அதன் நிறங்களினால் ‘வண்ணப்பெட்டி’ எனவே பெயர் பெற்றது. எளியோர் இல்லத்துக்குக் குறைந்த செலவில் மகிழ்வூட்டும் பொருள் வண்ணம் என்பது அவர் கொள்கை. ஆதலின் அவர் வெறுத்தது நிறத்தையன்று. அது அதிகாரத்துக்குச் செய்த பணியையே.

எனினும், அவருடைய தீர்ப்பு முழுமையானதன்று. கத்சுராவின் தேநீர் மனை ஒன்றில் நீலமும் வெண்மையுமான பெருங்கட்டங்கள் விளையாட்டாய்ச் சிரிக்கின்றன. நிக்கோவின் வாயிலிலோ ஒரு தூணின் கோலம் வேண்டுமென்றே தலைகீழாய்ச் செதுக்கப்பட்டுள்ளது; முழுமையுற்றது தேயத் தொடங்கும் என்ற அச்சமே காரணம் என்பர். ஆடம்பரத்தின் நடுவே அடக்கமும், அடக்கத்தின் நடுவே களிப்பும் இருந்தன. ஒரு கலைப்பொருளை மதிப்பிடுவோர், அதில் எத்துணை நிறம் உண்டு என்பதோடு, அது யாருக்காக ஆக்கப்பட்டது என்பதையும் கேட்டல் வேண்டும்.