கொல்லிமலைக் காவலும் நாமக்கல் கோட்டையும்

கொல்லிமலைக்கு இயற்கையே மதில். சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் இம்மலையின் மேற்பரப்பு 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்திருக்கிறது. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலைக்கு இன்றும் 70 கொண்டை ஊசி வளைவுகள் தேவைப்படுகின்றன. சாலை வருமுன் ஒற்றையடிப் பாதைகளே வழி. ஒரு கணவாயைச் சிலர் மறித்து நின்றாலே படை ஏற முடியாது. பெரக்கரை நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என மலைமேல் இருக்கும் 14 நாடுகளும் இந்தச் சரிவுகளின் காவலில் வளர்ந்தவை.

அப்படியும் மலை கைமாறியிருக்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி கொல்லியை ஆண்டான். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்ததாகச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. அந்தச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை; அதியமானின் தகடூரை எறிந்தவனும் அவனே. ஓரியை நினைத்து ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் மலையில் விழா நடக்கிறது.

கல்லால் கட்டிய கோட்டையைப் பார்க்க மலையடிவாரம் தாண்டி நாமக்கல்லுக்குப் போகவேண்டும். ஊர் நடுவே சுமார் 65 மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பாறையாக நிற்கிறது நாமகிரி. தகடூரில் தோற்ற அதியர் குடியின் பெயர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் இங்கே கல்லில் எழுகிறது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குடைவரைகளில் கிழக்கிலுள்ள அரங்கநாதர் குகை, கல்வெட்டில் அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று குறிக்கப்படுகிறது. மேற்கே நரசிம்மர் குகை. அதன் சிற்பங்கள் தமிழகத்துக் குடைவரைக் கலையின் உச்சங்களில் வைத்து எண்ணத்தக்கவை.

உச்சியிலுள்ள கோட்டை குடைவரைகளுக்கு மிகவும் பிந்தியது. நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் கட்டியது என்பர். மைசூர் அதிகாரி ஒருவர் பெயரைச் சொல்வோரும் உண்டு. உள்ளே இடம் குறைவு. அரசர் வாழ ஏற்ற அரண்மனைக் கோட்டையாக இதைக் கருதுவதைவிட, சேலம் திருச்சி வழியைக் கண்காணிக்கும் காவல் நிலையாகக் கொள்வதே பொருந்தும்.

தேவகிரியோடு ஒப்பிட்டால் இதன் இயல்பு தெளிவாகும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி இறுகிய தக்காணப் பாறையில், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாதவர் அமைத்த கோட்டை அது. அங்கே மலையின் அடிப்பக்கத்தையே செங்குத்தாகச் செதுக்கி, அகழி தோண்டி, இருட்டுச் சுரங்கம் வழியாக மட்டும் ஏறும்படி செய்தார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையும் அணைந்த எரிமலையின் இறுகிய பாறைமீதுதான் நிற்கிறது. கொல்லிமலை, நாமக்கல் பாறைகள் எரிமலை கக்கியவை அல்ல. நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவாகி, மேலிருந்த மண்ணும் கல்லும் அரிக்கப்பட்டபின் வெளிப்பட்டவை. நாமகிரியின் வழுக்குச் சரிவைச் செதுக்கத் தேவையே இல்லை. பாறையில் வெட்டிய குறுகலான படிகளைக் காத்தால் போதும்.

ஆனால் பீரங்கிக் காலத்தில் பாறை மட்டும் காப்பாற்றவில்லை. 1768இல் கர்னல் வுட் தலைமையில் வந்த ஆங்கிலப் படை நாமக்கல்லைப் பிடித்தது. அவ்வாண்டு முடிவில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி மீட்டுக்கொண்டார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் சேலம் சீமை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கோட்டையின் போர்ப்பணி அத்தோடு முடிந்தது.

இன்று மதில்கள் பெரும்பாலும் கெடாமல் நிற்கின்றன. உள்ளே ஒரு பெருமாள் கோயிலும் தர்காவும் உண்டு. நரசிம்மரையும் எதிரே திறந்த வெளியில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரையும் வணங்கித் திரும்புவோர் பலர் உச்சிக்கு ஏறுவதில்லை. ஏறிப் பார்க்க வேண்டிய இடம் இது. வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும். காலையிலேயே போவது நல்லது. வானம் தெளிந்திருந்தால் வடகிழக்கில் கொல்லிமலை முழுவதும் தெரியும்.