ரெண்டு வேலை நாளுக்கு நடுவுல ஒரு ராத்திரி: மரக்காணம் உப்பளத்தில் தங்கின கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கிறேன். சாயங்காலம் 5 மணிக்கு வேலை முடியுது. மறுநாள் காலை 9 மணிக்குத் திரும்ப ஆரம்பிக்குது. நடுவுல எத்தனை மணி நேரம்? 16. இந்த 16 மணி நேரத்தை டிராஃபிக்குக்கும் ரீல்ஸுக்கும் கொடுத்துட்டு, "லீவே கிடைக்கல"ன்னு நாம புலம்பிக்கிட்டு இருக்கோம்.

சைக்கிள்லயே உலகத்தைச் சுத்தி வந்த அலஸ்டர் ஹம்ஃப்ரீஸ்ங்கிற ஆங்கிலேயர் இதைத்தான் பிடிச்சுக்கிட்டார். வேலை நாள்லயே சாயங்காலம் கிளம்பு, எங்கயாவது வெட்டவெளியில படு, காலையில வேலைக்கு வந்துடுன்னு எழுதினார். ஆனா இந்த யோசனை அவருக்கும் 100 வருஷம் மூத்தது. லண்டன்ல தாமஸ் ஹிராம் ஹோல்டிங்னு ஒரு தையல்காரர். சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போற அளவுக்கு இலேசான கூடாரத்தை உருவாக்கினார். 1897-ல் நண்பர்களோட அயர்லாந்துல சைக்கிள்ல சுத்தி, கூடாரத்துல தங்கி, அதைப் புத்தகமா எழுதினார். 1901-ல் சைக்கிள் முகாம்காரர்களுக்குன்னே ஒரு சங்கம் உருவாச்சு, அதுக்கு அவர்தான் மூலகாரணம். பணக்காரங்க வேட்டைக்குப் போய்க் கூடாரம் போட்ட காலத்துல, ஒரு தையல்காரர் அதைச் சைக்கிள் கேரியர்ல ஏத்தினார்.

இதையெல்லாம் படிச்சுட்டு, போன மார்ச் மாசம் ஒரு புதன்கிழமை நானும் என் நண்பனும் கிளம்பினோம். அன்னைக்கு ராத்திரி நாங்க ஒரு தப்பு பண்ணினோம். அந்தத் தப்புதான் இந்த எபிசோடுக்குக் காரணம்.

வழி சொன்ன புலவர்

நாலரை மணிக்கு லேப்டாப்பை மூடிட்டு, ரெண்டு மவுண்டன் பைக்கையும் கார் பின்னாடி மாட்டிக்கிட்டு, ஈசிஆர்ல நேரா தெற்கு. கடப்பாக்கத்துல தெரிஞ்சவர் வீட்டு வாசல்ல காரை விட்டோம். பரோட்டா சாப்பிட்டோம். அங்கிருந்து மரக்காணம் வரைக்கும் சைக்கிள். கொஞ்சம் ரோடு, கொஞ்சம் மண் பாதை. தூரம் 20 கிலோமீட்டருக்குள்ளதான்.

கடப்பாக்கம் இருக்கிற பேரூராட்சிக்கு இடைக்கழிநாடுன்னு பேர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி, நடுவுல நீளமா ஒரு நிலம். பேரே வரைபடம் மாதிரி இருக்கு. பத்துப்பாட்டுல ஒண்ணான சிறுபாணாற்றுப்படையை எழுதினவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த ஊர்க்காரர்தான்.

ஆற்றுப்படைன்னா என்ன? பரிசு வாங்கிட்டு வர்ற ஒரு பாணன், பசியோட எதிர்ல வர்ற இன்னொரு பாணனுக்கு வழி சொல்றது. சிறுபாணாற்றுப்படையில போய்ச் சேர வேண்டிய இடம் ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனோட கிடங்கில். இன்னைக்குத் திண்டிவனம் பக்கம். வழியில முதல்ல வர்ற ஊர் எயிற்பட்டினம். எயில்னா மதில். மதிலோட பேரையே வச்சுக்கிட்ட கடற்கரைப் பட்டினம். இதுதான் இன்னைய மரக்காணம்னு ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுறாங்க. கிரேக்க மொழியில எழுதப்பட்ட பெரிப்ளூஸ்ங்கிற கடல் வழிக் குறிப்புல வர்ற சோபட்மா துறைமுகமும் இதுவா இருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு.

இந்தப் பாட்டுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, ஒவ்வொரு நிறுத்தத்துலயும் என்ன சாப்பாடு கிடைக்கும்னு சொல்லிடுறார். எயிற்பட்டினத்துல சுட்ட மீனும் கள்ளும் தருவாங்க. அடுத்து வேலூர்ல புளி போட்ட சூடான சோறு, கூடவே இறைச்சி. ஆமூர்ல வெள்ளைச் சோறும் நண்டும். கூகுள் மேப் ரிவ்யூ மாதிரின்னு சிரிக்கலாம். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அங்க ஹோட்டல் கிடையாது. அந்த ஊர்ச் சனங்க தங்க வச்சு, சாப்பாடு போட்டாத்தான் பயணம். "அந்த ஊருக்குப் போ, அங்க மனுஷங்க இருக்காங்க"ன்னு சொல்றதுதான் அந்த வழிகாட்டியோட அர்த்தமே.

இதே நெய்தல் நிலத்துல ராத்திரிப் பயணத்தையே தொழிலா வச்சிருந்தவங்களும் உண்டு. உமணர்கள். உப்பை வண்டியில ஏத்தி, கூட்டமா, உள்நாட்டுக்கு நாள் கணக்கா போவாங்க. அவங்க சமைச்சு முடிச்சு விட்டுட்டுப் போன அடுப்புக் கல்லு சங்கப் பாட்டுல வருது. புறநானூறு 102-ல் ஔவையார், உமணர்கள் வண்டிக்கு அடியில ஒரு உபரி அச்சையும் கட்டிக்கிட்டுப் போனதைச் சொல்றார். மேடு பள்ளத்துல அச்சு உடைஞ்சா மாத்திக்கணுமே. நான் ஸீட்டுக்கு அடியில கட்டி வச்சிருந்த ஸ்பேர் ட்யூபைத் தொட்டுப் பார்த்துக்கிட்டேன்.

நாங்க பண்ணின தப்பு

மரக்காணம் உப்பளம் மூவாயிரம் ஏக்கருக்கு மேல. தமிழ்நாட்டு உப்புன்னு சொன்னா தூத்துக்குடி, வேதாரண்யத்தோட சேர்த்துச் சொல்ற பேர். ராத்திரி ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பக்கத்துல இருக்கிற கழுவெளி 2021-ல் அறிவிச்ச பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சார் பட்டியலுக்கும் போயிடுச்சு. அங்க கூடாரம் போடக் கூடாதுன்னு தெரியும். அதனால உப்பளப் பக்கம் திரும்பினோம். நிலா வெளிச்சத்துல பாத்தி பாத்தியா தண்ணி. ஒரு ஆள் இல்லை. "யாருமே இல்லாத இடம்டா"ன்னு நண்பன் சொன்னான். அகலமான ஒரு வரப்புல கூடாரம் போட்டோம்.

கூடாரம் போட்டப்புறம் அவனுக்கு ஆசை. மவுண்டன் பைக்தானே, வரப்பு மேல ஒரு ரவுண்டு ஓட்டுறேன்னு போனான். வளைவுல சக்கரம் வழுக்கி, பாத்திக்குள்ள இறங்கிட்டான். ஆளுக்கு அடி இல்லை. சிரிச்சுக்கிட்டே வண்டியைத் தள்ளி வெளியில கொண்டு வந்தோம். படுத்துட்டோம்.

விடியக்காலை மூணரை மணி இருக்கும். டார்ச் வெளிச்சம். பேச்சுக் குரல். கூடாரத்தைத் திறந்து பார்த்தா நாலஞ்சு பேர், கையில பலகை, தலையில துணிக் கட்டு. வெயில் ஏறுறதுக்குள்ள உப்பு வாரி முடிக்கணும். வெள்ளை உப்பு மேல வெயில் பட்டா கண்ணைத் திறக்க முடியாது. அதனால அவங்களுக்கு வேலை நாள் அந்த நேரத்துலயே ஆரம்பிச்சிடுது.

ஒரு அக்கா கேட்டாங்க: "இன்னா தம்பி, இங்கயா படுத்தீங்க?"

ஆமாங்கக்கா, சாரின்னு இழுத்தேன். அவங்க பார்வை எங்க மேல இல்லை. டார்ச்சைப் பாத்திக்குள்ள அடிச்சாங்க. சக்கரத் தடம். நீளமா, ஆழமா, சேறு கிளறி, பக்கத்துல நாங்க மிதிச்ச கால் தடம்.

"இது வெறும் மண்ணு இல்ல தம்பி. சீசன் ஆரம்பத்துல நாங்க காலாலயே மிதிச்சு மிதிச்சு இறுக்குன தரை. இதைக் கிளறிட்டா உப்போட சேறு சேர்ந்துரும். எவன் வாங்குவான்?"

அவங்க சத்தம் போடலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

உப்பு விளையறது எப்படின்னு அன்னைக்குத்தான் ஒழுங்கா புரிஞ்சுது. ஒரு லிட்டர் கடல் தண்ணியில ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாத்தி, வெயில்ல காய வச்சு, அடர்த்தியை ஏத்திக்கிட்டே போகணும். முதல்ல ஜிப்சம் படியும். போமே அளவுல 25 டிகிரி வாக்குல உப்பு மணி விழ ஆரம்பிக்கும். இன்னும் விட்டா கசப்பான மக்னீசிய உப்பும் சேர்ந்துடும், அதனால அந்தத் தண்ணியை வெளியேத்தணும். கடைசிப் பாத்தியோட தரை கல்லு மாதிரி இறுகி இருந்தாத்தான் தண்ணி கீழ இறங்காது, உப்பு வெள்ளையா வரும். நாங்க வண்டி ஓட்டினது அந்தக் கடைசிப் பாத்தியில.

சரி பண்ணித் தர்றோம்னு சொன்னோம். அக்கா சிரிச்சாங்க. "இறங்குங்க"ன்னாங்க. பலகையால சேத்தை இழுத்துச் சமப்படுத்திக் காட்டினாங்க. அதுக்கப்புறம் காலால மிதி. குதிகால் அழுத்தி, பக்கம் பக்கமா, இடைவெளி விடாம. எனக்குக் கணுக்கால்ல ஒரு சின்னச் சிராய்ப்பு. அந்தத் தண்ணி பட்டதும் உயிர் போச்சு. பத்தடித் தடத்தை மூடவே எங்க ரெண்டு பேருக்கும் முக்கால் மணி நேரம். அவங்க மொத்தப் பாத்தியையும் வருஷா வருஷம் இப்படி மிதிக்கிறாங்க.

தங்க இடம் கொடுத்தா ஜெயில்

அஞ்சரை மணிக்கு டீ வந்துச்சு. எங்களுக்கும் ஊத்திக் கொடுத்தாங்க. வாங்கிக் குடிக்கும்போது எனக்கு 1930 ஞாபகம் வந்துச்சு.

உப்பு நம்ம ஊர்ல ரொம்ப காலமா அரசாங்கத்தோட கண்ணுல இருக்கிற பொருள். சோழர் காலக் கல்வெட்டுகள்ல உப்பளத்துக்கு அளம்னு பேர். 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துல உப்பைத் தன்னோட ஏகபோகமாக்கிடுச்சு. உப்பு விளைவிக்கிறவர் தன் கையால எடுத்த உப்பைத் தன் இஷ்டத்துக்கு விக்க முடியாது. நாங்க பார்த்த பக்கிங்ஹாம் கால்வாயும் அந்த ஆட்சியோட வழிதான். 1806-ல் சென்னைக்கு வடக்கே ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா நீண்டு, தெற்கே 103 கிலோமீட்டர் தள்ளி மரக்காணத்துல முடியுது. சென்னைக்குள்ள அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற துண்டை 1877-78 பஞ்சத்துல, நிவாரண வேலைன்னு, பசியில இருந்த சனங்களை வச்சு வெட்டினாங்க. பேர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவோடது. உப்பும் விறகும் படகுல இதே வழியா சென்னைக்குப் போச்சு.

1930-க்கு வருவோம். காந்தி தண்டிக்கு நடந்த அதே ஏப்ரல்ல, ராஜாஜி தலைமையில ஏறக்குறைய 100 தொண்டர்கள் 13-ம் தேதி திருச்சியிலிருந்து கிளம்பினாங்க. இந்தக் கடற்கரையிலேயே இன்னும் தெற்கே இருக்கிற வேதாரண்யத்துக்கு 28-ம் தேதி போய்ச் சேர்ந்தாங்க. 15 நாள் நடை. அப்போ தினமும் ராத்திரி எங்கயாவது தங்கணும், சாப்பிடணும். தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் கைவச்சது அதுலதான். இவங்களுக்குச் சாப்பாடோ தங்க இடமோ கொடுத்தா சிறைத் தண்டனைன்னு உத்தரவு போட்டார். சனங்க என்ன பண்ணினாங்க? சோத்தைப் பொட்டலமா கட்டி வழியில மரக்கிளையில தொங்கவிட்டுட்டுப் போனாங்க. யார் கொடுத்தாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஏப்ரல் 30-ம் தேதி உப்பெடுத்து ராஜாஜி கைதானார். உப்பு வரி ஒழிஞ்சது 1947-ல்.

வழிப்போக்கனுக்குச் சோறு போடுறது எவ்வளவு பெரிய விஷயம்னு அந்தக் கலெக்டருக்குப் புரிஞ்சிருந்துச்சு. அதை நிறுத்திட்டா நடையும் நின்னுடும்னு அவர் போட்ட கணக்கு சரிதான். ஆனா சனங்க அதை நிறுத்தலை.

எங்க கதையில தலைகீழ். நாங்க ஸ்டவ், நூடுல்ஸ், பவர் பேங்க் எல்லாம் எடுத்துட்டுப் போனோம். யார்கிட்டயும் எதுவும் கேட்க வேண்டியதில்லைங்கிறதுல ஒரு பெருமை. கேட்கலைங்கிறதாலதான் அது யாரோட இடம்னு தெரியலை. சாயங்காலமே ஊருக்குள்ள போய் ஒருத்தர்கிட்ட "எங்க தங்கலாம்?"னு கேட்டிருந்தா அந்தப் பாத்தி தப்பிச்சிருக்கும். ஆள் கண்ணுல படாததால "யாருமே இல்லாத இடம்"னு நினைச்சோம். அவங்க அப்போ தூங்கிக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான். மூணரைக்கு எழுந்திரிக்கணுமே.

கிளம்பும்போது அக்காகிட்ட, மழைக் காலத்துல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "அக்டோபர் வந்தா வேலை இல்ல. நடுவுல ஒரு மழை பேஞ்சாலும் விளைஞ்சது கரைஞ்சிரும்"னாங்க. வேலையில்லாத அந்த மாசங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தைத் தமிழ்நாடு அரசு கொடுக்க ஆரம்பிச்சதே 2022-ல்தான். நம்ம லீவு நாமே எடுக்கிறது. அவங்க லீவை மழை கொடுக்குது, சம்பளம் இல்லாம.

காலை 10 மணி மீட்டிங்குக்கு ரெண்டு நிமிஷம் லேட்டா லாகின் பண்ணினேன். கேமரா ஆஃப். மேஜைக்கு அடியில பாதம் ரெண்டும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பைக் சங்கிலி ரெண்டு நாள்ல துரு பிடிச்சு, புதுசு போட வேண்டியதாச்சு.

இந்த மாதிரி ஒரு ராத்திரி நீங்களும் போங்க. போகாதீங்கன்னு சொல்றதுக்கு இந்த எபிசோட் இல்லை. ஆனா டயர் காத்து, ஸ்பேர் ட்யூப், ஹெட்லைட் எல்லாம் பார்க்கிற லிஸ்ட்ல ஒண்ணைச் சேர்த்துக்கோங்க: போற ஊர்ல இறங்கி, ஒருத்தர்கிட்ட பேசுங்க. நத்தத்தனார் சொன்ன வழியில வர்ற ஊர் எல்லாத்துலயும் ஆள் இருக்காங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.