சூரியப் புயலை முன்கூட்டியே அறிய உதவும் ரேடியோ தொலைநோக்கிகள்: செயல்படுவது எப்படி?

சூரியனில் வெடித்துக் கிளம்பும் பிளாஸ்மா மேகம் பூமியை அடையப் பொதுவாக 1 முதல் 3 நாள்கள் ஆகும். வெடிப்பின்போது உண்டாகும் ரேடியோ அலைகளோ சுமார் 8 நிமிடங்களில் வந்து சேர்ந்துவிடுகின்றன. இந்தக் கால இடைவெளியே விண்வெளி வானிலை எச்சரிக்கைக்கு வாய்ப்பளிக்கிறது.

ஏன் தேவை?

வலுவான சூரியப் புயல் மின்தொகுப்பு, செயற்கைக்கோள், ரேடியோ தகவல்தொடர்பு ஆகியவற்றைப் பாதிக்கும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் இருளில் மூழ்கியது. அயனி மண்டலம் கலங்கினால், செயற்கைக்கோள் வழிகாட்டுதலை நம்பிச் செல்லும் கப்பல்களுக்கும் கொச்சி போன்ற துறைமுகங்களிலிருந்து ஆழ்கடல் செல்லும் மீன்பிடிப் படகுகளுக்கும் இருப்பிடத் தகவல் பிழைபடக்கூடும்.

கௌரிபிதனூர்

கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ரேடியோ வரைபடக் கருவி 1997 முதல் சூரியனைக் கண்காணித்து வருகிறது. சூரியனின் புறவளிமண்டலமான கரோனாவில் உயரம் கூடக்கூட அடர்த்தி குறைகிறது. அங்கு எழும் அலைகளின் அதிர்வெண்ணும் குறைகிறது. எனவே, அதிர்வெண் எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்பதைக் கொண்டு அதிர்ச்சி அலையின் வேகம் மதிப்பிடப்படுகிறது.

உதகை

சூரியனை விட்டு நீங்கிய மேகத்தைத் தொடர உதகை ரேடியோ தொலைநோக்கி உதவுகிறது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட இது, உதகை அருகே முத்தொரை மலைச்சரிவில் 1970-இல் செயல்பாட்டுக்கு வந்தது. வடிவமைத்தவர் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப். சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகைக்கு இணையாகச் சுமார் 11 பாகை இருப்பதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துள்ளது. தொலைதூர ரேடியோ மூலங்களின் அலைகள் சூரியக் காற்றினூடே வரும்போது, விண்மீன்களைப் போல் மின்னுகின்றன. அந்த மின்னலை 326.5 மெகாஹெர்ட்ஸில் அளந்து, காற்றின் வேகமும் அடர்த்தி மாற்றமும் கணக்கிடப்படுகின்றன.

வரம்பு என்ன?

ஒளியியல் தொலைநோக்கிகளைப் போலன்றி, மேகமூட்டம் இக்கருவிகளுக்குப் பெரும் தடையன்று. ஆனால் சூரியன் மறைந்தபின் அதன் ரேடியோ வெடிப்புகளைப் பதிவு செய்ய இயலாது. இதனாலேயே பல நாடுகளின் நிலையங்கள் முறைவைத்ததுபோல் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. வரும் மேகத்தின் காந்தப்புலத் திசையை இந்நிலையங்களால் நம்பகமாகச் சொல்ல முடியாது. புயலின் வலிமையைப் பெரிதும் தீர்மானிப்பது அத்திசையே. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. தொலைவில் 2024 ஜனவரி 6 முதல் இயங்கும் ஆதித்யா-எல்1 அதை நேரடியாக அளக்கிறது. எனினும், அங்கிருந்து கிடைக்கும் முன்னறிவிப்பு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருக்கக்கூடும். எனவே, தொடக்க எச்சரிக்கைக்குத் தரைநிலையங்களும் இறுதி உறுதிப்பாட்டுக்கு விண்கலமும் தேவைப்படுகின்றன.