ஐந்து நாள் வாசல்

கண்டிச் சீமைக்குப் போனவர்கள்: தொடர்

மண்டபம் கேம்ப் என்ற காலராத் தடுப்பு முகாம் வந்த கதையை இந்த வாரம் சொல்லிவிடுவதாகப் போன இதழில் எழுதியிருந்தேன். அங்கே போய்ச் சேருவதற்கு முன்னால், மன்னாரிலிருந்து மாத்தளை வரை கொஞ்சம் நடந்தாக வேண்டும்.

விருத்தாசலம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியதே 1920களில்தான். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பு திட்டக்குடிப் பக்கத்து ஆளை, ஆள் சேர்க்கும் கங்காணி இலங்கைக் காபித் தோட்டத்துக்கென்று முன்பணம் கொடுத்துக் கிளப்பினால், வெள்ளாற்றைத் தாண்டி, கொள்ளிடம், காவிரி தாண்டி, ராமநாதபுரக் கடற்கரை வரைக்கும் கால்நடைதான். தொண்டியிலோ பாம்பனிலோ தோணி ஏறி அக்கரையில் இறங்கினால் மறுபடியும் நடை. மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று நூறு மைலுக்கு மேல் காடு. குடிக்கக் கிடைத்தது வழியிலிருந்த குளங்களின் கலங்கல். முன்னால் போன கூட்டம் கால் கழுவியதும் அதே குளம்தான்.

அந்தத் தண்ணீரோடு காலராக் கிருமி வயிற்றுக்குள் போனால், சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் தன்னைக் காட்டிவிடும். அரிசி கழுவிய தண்ணீராகப் பேதி போகும். கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். கண் குழிந்து, குரல் கம்மி, விரல் நுனித் தோல் சுருங்கிவிடும். காலையில் மூட்டை தூக்கி நடந்தவன் பொழுது சாய்வதற்குள் பிணம். விழுந்தவனை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. 1849இல் கொழும்பு அப்சர்வர் பத்திரிகை போட்ட கணக்கு, சில ஆண்டுகளுக்குள் சுமார் 70,000 பேர் செத்தார்கள் என்றது. வந்தவர்களில் நாலில் ஒருவர். எல்லாமே காலரா அல்ல. காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்துதான்.

இங்கே ஒரு விஷயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நடை ஐந்து நாளைவிட நீளமானது. தோணியில் தொற்றியவன் தோட்டத்தை எட்டுமுன் காட்டிலேயே விழுந்துவிடுவான். நடையைத் தாண்டி வந்தவர்களில் பெரும்பாலோர் நோய் தப்பியவர்கள். காபித் துரைமார்களுக்குச் செலவில்லாமல் ஒரு தனிமைப்படுத்தும் முகாம் கிடைத்திருந்தது; அதன் பெயர் வடக்குப் பாதை. பிறகு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் ஓடியது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் இடையே கப்பல் சில மணி நேரப் பயணமானது. கிருமியைச் சுமந்தவன் வயிறு கலங்குவதற்குள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் போய்ப் படுத்துவிடலாம் என்றானது. நடை தானாகச் செய்த வடிகட்டலை இனி யாராவது காசு போட்டுச் செய்தாக வேண்டும்.

செய்தார்கள். ஆனால், காலரா ஆளோடு வராது, தடுத்து நிறுத்துவது வீண் வேலை என்று அதே ஆங்கில அரசின் பெரிய அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்ததைச் சொல்லாமல் எப்படி மேலே போவது? 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மாநாடு, நோய் இந்தியாவிலிருந்து மனிதர்களோடு பரவுகிறது என்று முடிவு சொன்னது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கப்பலை நிறுத்தினால் வியாபாரம் படுத்துவிடும். இந்திய அரசின் சுகாதாரக் கமிஷனர் ஜேம்ஸ் கனிங்ஹாம் தொற்று என்ற பேச்சையே ஏற்கவில்லை. அவருக்குக் கைகொடுத்தது மியூனிக்கிலிருந்து வந்த ஒரு கொள்கை.

மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். வேதியியலில் பெயர் பெற்றவர், மியூனிக் நகரத்துக்கு நல்ல குடிநீரும் சாக்கடையும் கிடைக்கக் காரணமானவர், பிடிவாதக்காரர். கிருமி மட்டும் போதாது, மண்ணும் நிலத்தடி ஈரமும் பக்குவமாக இருந்தால்தான் காலரா கிளம்பும் என்றார். 1884இல் கல்கத்தாக் குளத்துத் தண்ணீரில் ராபர்ட் காக் வளைந்த கிருமியைக் கண்டுபிடித்துக் காட்டிய பிறகும் கிழவர் அசையவில்லை. 1892இல் ஹாம்பர்க் நகரத்தில் காலரா பாய்ந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போனது. ஒட்டிக்கொண்டிருந்த ஆல்டோனா ஊர் பெரும்பாலும் தப்பியது. இரண்டுக்கும் ஒரே எல்ப் ஆறுதான். ஹாம்பர்க்காரர்கள் ஆற்றை அப்படியே குழாயில் விட்டார்கள். ஆல்டோனாக்காரர்கள் மணலில் வடிகட்டிக் குடித்தார்கள். கோடையில் வெள்ளாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, முதல் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டுத் தெளிந்ததைக் குடத்தில் மொண்ட நம் பாட்டிமார்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருந்திருக்காது.

பெட்டன்கோஃபருக்கு இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி, 73 வயதில், காலராக் கிருமி வளர்த்த ரசத்தைக் கையில் எடுத்தார். வயிற்றுப் புளிப்பு கிருமியைக் கொன்றுவிட்டது என்று நாளை எவனும் சொல்லக்கூடாதே என்று சோடா உப்பைக் கரைத்து அதோடு சேர்த்துக் குடித்தார். சில நாள் வயிறு கடமுடவென்றது, பேதி போனது, பிழைத்துக்கொண்டார். அவருடைய சிஷ்யர் எம்மெரிச்சும் குடித்தார். சிஷ்யருக்குக் கொஞ்சம் பலமாகவே போட்டுப் பார்த்தது, அவரும் பிழைத்தார். குருவுக்கு வெற்றிக் களிப்பு. காலராக் கிருமி எல்லோரையும் ஒரே மாதிரி சாய்ப்பதில்லை என்பதுதான் அங்கே நிரூபணமானது. அவர் கொள்கைக்கு அதனால் உயிர் வரவில்லை. 1901இல் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

அவரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. கொள்கை பிசகு, ஆனால் அதன் பேரில் அவர் செய்த வேலை, சுத்தமான தண்ணீர், சரியானது. தன் உடம்பைப் பணயம் வைத்தார், ஊரான் உடம்பை அல்ல. கனிங்ஹாம் பேரில்தான் என் கோபம். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கை நிறுத்த வேண்டாம் என்று சொல்ல மியூனிக் பேராசிரியர் தேவைப்பட்டார். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் தமிழனை நிறுத்தவேண்டி வந்தபோது ஒரு பேராசிரியரையும் யாரும் கேட்கவில்லை.

இடம் கரைந்துவிட்டது. மண்டபத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாம்பன் பாலத்துக்கு இக்கரையில், இந்திய மண்ணில், இலங்கை அரசு நடத்திய முகாம் அது. தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே இறக்கினார்கள். அம்மை குத்தினார்கள், துணிமணிகளைக் கிருமி நீக்கினார்கள், ஐந்து நாள் அடைத்து வைத்தார்கள். ஏன் ஐந்து என்று இப்போது உங்களுக்கே தெரியும். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்த துரைமார்களுக்கும் செட்டிமார்களுக்கும் அந்த வாசம் இல்லை. காலரா டிக்கெட் பார்த்து ஏறும் என்று எந்தக் கொள்கையும் சொல்லவில்லை, மியூனிக் கொள்கை உட்பட.

முகாம் வேலை செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். காலரா அந்தத் தீவில் வேரூன்ற முடியாமல் போனதில் மண்டபத்துக்குப் பெரும் பங்கு உண்டு. லயங்களுக்கு வந்த குழாய்த் தண்ணீருக்கும் கக்கூசுக்கும் அதே அளவு பங்கு உண்டு என்பேன் நான். துரைமார்களின் அறிக்கைகளில் முகாமின் புகழ்தான் அதிகம் தென்படும். கதவு கட்டுவது தண்ணீர் கொடுப்பதைவிட மலிவு.

மண்டபத்துக்கு வந்த ஆளின் கழுத்தில் கயிறு கோத்துத் தொங்கிய வட்டத் தகரத்தைப் பற்றி இன்னும் பேசவே இல்லை. எந்தத் தோட்டத்து ஆள் என்று அதில் எண் பொறித்திருக்கும். அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் ஆளை ஏற்றிக்கொள்வார்கள். அந்தச் செலவு பிற்பாடு கணக்கில் ஏறும். அந்தக் கணக்குக்கும், 1904இல் திருச்சியில் கடை விரித்த இலங்கைத் தொழிலாளர் கமிஷனுக்கும் உள்ள உறவை அடுத்த வாரம் முதல் பத்தியிலேயே தொடங்கிவிடுகிறேன். ஜெர்மனி பக்கம் போக மாட்டேன்.

(தொடரும்)